புகையும் திணறலும்: ஒரு புல்வெட்டி இன்ஜினின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூருக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பழைய வீடு. வீட்டுக்காரர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் பெரியம்மா முறை. வீட்டின் முன்னால் ஏழெட்டு சென்ட் புல்தரை, சரிவாக இறங்கும். நீலகிரி முழுக்கப் பரவிக் கிடக்கும் கிகுயு புல்தான் அங்கேயும். மழைக்குப் பிறகு விட்டுவிட்டால் மெத்தை மாதிரி மண்டிக்கொள்ளும், சாதாரணக் கத்தரிக்கு அடங்காது. அதனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்ரோல் புல்வெட்டியைப் பழையதாக வாங்கினார்கள். 160 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு, செங்குத்தாக நிற்கும். அதன் கீழ் முனையில் நேரடியாக பிளேடு, மேல் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாரம் இரண்டு நாள் வரும் தோட்டக்காரர்தான் மெஷினை ஓட்டுவார். அறுபதை நெருங்கும் மனிதர், கவனமானவர். வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மெஷின் ஷெட்டில் படுத்துவிடும். இந்த முறையும் அப்படித்தான், டாங்கில் பாதி பெட்ரோலோடு.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவன். சின்ன இன்ஜின்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் புல்வெட்டியை அதுவரை கழற்றியதில்லை. இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அந்த இடைவெளியிலிருந்து வந்தது.

ஜனவரியில் நடந்தது

பொங்கல் கழிந்த வாரம் பெரியம்மா போன் செய்தார். "மெஷின் ஒரே வெள்ளைப் புகையாக் கக்குதுடா. பக்கத்து வீட்டுக்காரங்க தீப்பிடிச்சிடுச்சோன்னு ஓடி வந்துட்டாங்க." உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும், பழைய மெஷினுக்கு அவ்வளவு செலவு செய்வதை விடப் புதிதாக வாங்கலாம் என்று சொல்லிப் போயிருந்தார்.

போனிலேயே தோட்டக்காரரிடம் கேட்டேன். மழைக்குப் பிறகு முதல் தடவை வெட்டினாராம். பிளேடு மழுங்கியிருந்ததால் கழற்றிச் சாணை பிடிக்கக் கொடுத்தாராம். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்ததும் புகை. ஆயில் அளவு பார்க்கும் கேஜ் குச்சியைப் பார்த்தால் அடியில் மட்டும் ஈரம் தெரிந்ததாம். ஆயில் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினாராம். புகை இன்னும் கூடிவிட்டது. இன்ஜினும் திணறுகிறது, நின்று நின்று ஓடுகிறது.

"கழற்றும்போது மெஷினை எந்தப் பக்கம் சாய்ச்சீங்கண்ணே?"

"டாங்க்கு பக்கம் பெட்ரோல் ஒழுகும்னு, இந்தப் பக்கமா சாய்ச்சேன் தம்பி. ஃபில்டர் பக்கம்."

"எவ்வளவு நேரம் கிடந்துச்சு?"

"ராத்திரி பூரா. சாணைக்காரர் மறுநாள்தான் கொடுத்தார்."

புகைக்கான காரணம் இந்த மூன்று வரியிலேயே பாதி கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்க்கும்போது, இங்கே போனை வைத்துவிட்டதுதான் என் முதல் பிசகு. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ரிங்கா, இல்லையா

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். முதலில் ப்ளக் கேப்பைப் பிடுங்கி ஓரமாகக் கட்டிவைத்தேன். பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் சுற்றும், சுற்றினால் ஸ்டார்ட் ஆகலாம். கேப் ப்ளக்கில் இருக்கும்போது அடியில் கை வைக்கவே கூடாது.

மெக்கானிக் சொன்னதை நான் தூக்கி எறியவில்லை. நீலம் கலந்த வெள்ளைப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது, எனவே காரில் போலத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து வெண்புகை வரும் என்ற கதைக்கு இடமில்லை. ரிங் தேய்ந்தாலும் இதே நிறம்தான் வரும். ஆனால் ரிங் ஒரே ராத்திரியில் தேய்வதில்லை. ஆயில் மெல்ல மெல்லக் குறையும், புகை மாதக்கணக்கில் கூடும், இழுவை படிப்படியாக இறங்கும். இந்த மெஷின் முதல் நாள் நன்றாக ஓடி, ஒரு ராத்திரி சாய்ந்து கிடந்து, மறுநாள் புகைந்தது. மெக்கானிக்கிடம் அந்த ராத்திரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் புகையை மட்டும் பார்த்தார், கண்ணில் பட்டதை வைத்துச் சொன்னார்.

கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் எதிர்ப்பு, கையில் தட்டுப்பட்டது. மீட்டர் வைத்து அளக்கவில்லை. சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் கம்ப்ரஷனைக் கொஞ்சம் விட்டுவிடும் ஏற்பாடு இருக்கும், அதனால் மீட்டர் காட்டும் எண்ணை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது.

பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். காகித ஃபில்டர் வடைச்சட்டியில் முக்கி எடுத்தது போல ஆயிலில் ஊறியிருந்தது. பெட்டிக்குள் அரை ஸ்பூன் ஆயில் தேங்கி நின்றது. ஆயில் இருக்கும் கிராங்க் கேஸிலிருந்து பிரீதர் என்ற மூச்சுக் குழாய் ஒன்று இந்தப் பெட்டிக்கு வரும். உள்ளே உண்டாகும் ஆவியைத் திரும்ப இன்ஜினே உறிஞ்சி எரித்துக்கொள்வதற்கான வழி அது. ஃபில்டர் பக்கம் கீழே இருக்கும்படி மெஷினைச் சாய்த்தால் ஆயில் அதே குழாய் வழியாக இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் வழியாகச் சிலிண்டருக்குள் போகும், கொஞ்சம் எரியும், எரியாத மிச்சம் சைலன்சரில் போய்ப் படியும்.

ஆயிலை ஒரு அளவுக் குவளையில் வடித்தேன். கொள்ளளவு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், 550 மில்லி. வந்ததோ 750. சாய்ந்து கிடந்த மெஷினை நிமிர்த்திய உடனே தோட்டக்காரர் கேஜைப் பார்த்திருக்கிறார். ஆயில் இன்னும் அடித்தட்டுக்கு வந்து சேராத நேரம் அது. அளவு கூடிப்போனால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிப் பிரீதர் வழியே தள்ளும். எனவே புகை குறையாமல் தொடர்ந்ததற்கு அவர் ஊற்றியதுதான் காரணம்.

வடித்த ஆயிலை முகர்ந்தும் பார்த்தேன், பெட்ரோல் வாசனை இல்லை. இதை விட்டுவிடக் கூடாது. கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் கலந்தாலும் அளவு கூடும், புகையும் வரும். அப்போது ஆயிலை மட்டும் மாற்றினால் இரண்டே நாளில் பழைய கதைதான்.

புதிய ஆயில் அளந்து ஊற்றினேன். ஃபில்டர் புதிது, ப்ளக் புதிது. பழைய ப்ளக் கருப்பாக, ஈரமாக, வழுக்கியது. ஷெட்டுக்கு வெளியே திறந்த வெளியில் மெஷினை நிறுத்திக் கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் பிடித்தது. புகை வந்தது, நிறையவே வந்தது. பெரியம்மா முகம் மாறியது. சைலன்சருக்குள் ஊறிய ஆயில் சூடாகி எரிந்து தீரும் வரை வரத்தான் செய்யும் என்று சொல்லிக் காத்திருந்தோம். ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தில் மெலிந்து, பிறகு நின்றுவிட்டது. நல்ல இன்ஜின்கள் பல ரிங் போனதென்று ஒதுக்கப்படுவது இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் என்பது என் எண்ணம்.

திணறல் போகவில்லை

புகை நின்ற பிறகுதான் மற்றது தெளிவாகத் தெரிந்தது. இன்ஜின் சத்தம் ஒரே சீராக இல்லை. ஏறியது, இறங்கியது, நடுநடுவே சைலன்சரில் வெடித்தது. புல்லுக்குள் தள்ளினால் மூச்சு வாங்கியது. கயிறு இழுக்கும்போது இரண்டு முறை பின்னோக்கி வெடுக்கென்று இழுத்து என் விரலை நோகடித்தது.

புகைக்கும் திணறலுக்கும் ஒரே காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆயில் படிந்த ப்ளக் திணறத்தான் செய்யும், ஊறிய ஃபில்டர் மூச்சை அடைக்கத்தான் செய்யும். இரண்டையும் மாற்றிய பிறகும் அது நிற்கவில்லை என்றபோது யோசித்திருக்க வேண்டும். நானோ அடுத்த சந்தேகத்துக்குத் தாவினேன். மூன்று மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோல்.

சந்தேகம் தவறானதல்ல. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில், குன்னூர் ஈரத்தில், பாதி காலியான டாங்கில் கேட்கவே வேண்டாம். டாங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினேன். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் வெள்ளைத் தூள் மாதிரி கொஞ்சம் படிவு. பெட்ரோல் வரும் நுண்துளையான மெயின் ஜெட்டை ஊதி, மெல்லிய செப்புக் கம்பியால் சுத்தம் செய்து மாட்டினேன். ஸ்டார்ட் ஆவது சுலபமாயிற்று. திணறல் அப்படியே.

உயரத்தின் மேலும் பழி போட்டுப் பார்த்தேன். 1,850 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 80 விழுக்காடுதான். காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் மிஞ்சும், ப்ளக் கரிப்பிடிக்கும், இழுவை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 1,500 மீட்டருக்கு மேல் சின்ன ஜெட் போடச் சொல்லும் கையேடுகள் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மெஷின் இதே முற்றத்தில் மூன்று வருடம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. மலை நேற்று வளரவில்லை.

கடைசியில், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி மூடிப் பார்த்தேன். பெட்ரோல் போதாமல் திணறினால் சோக் மூடும்போது தேற வேண்டும். மிஞ்சித் திணறினால் மோசமாக வேண்டும், கரும்புகை வர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எரிபொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்பே செய்திருக்கலாம். அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

கேட்காமல் விட்ட கேள்வி

தீப்பொறி நன்றாக, நீலமாக வந்தது. வருகிறதா என்பதைத்தான் பார்த்தேனே தவிர, எப்போது வருகிறது என்று பார்க்கவில்லை. கயிறு பின்னோக்கி இழுத்தது நினைவுக்கு வந்தது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே வெடித்தால்தான் அப்படித் திருப்பி அடிக்கும். அப்படியானால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். ஆனால் இந்த இன்ஜினில் டைமிங்கை மாற்ற ஒரு திருகும் கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம், பக்கத்தில் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளைக் கடக்கும் நொடியில் தீப்பொறி, அவ்வளவுதான். காந்தம் தன்னிச்சையாக இடம் மாறுமா?

பதில் பிளேடில் இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு முனை லேசாகச் சாணை பிடிக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் ஆழமாகத் தின்றிருந்தார்கள், கிட்டத்தட்ட ஒரு விரலகலம் குறைந்திருந்தது. மழுங்கலுக்கு யாரும் இவ்வளவு தேய்ப்பதில்லை. ஒரு வெட்டுக்காயத்தை மறைக்கத்தான் தேய்ப்பார்கள்.

தோட்டக்காரர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா உள்ளே இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இதுல யாரு மேலயும் தப்பில்லைண்ணே. பிளேடு எதுலயாச்சும் பட்டுச்சா? எனக்கு அது தெரிஞ்சா வேலை சுருக்கா முடியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். போன வருடம் வெட்டிய சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டை, சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. மழையில் புல் அதை மூடிவிட்டது. தெரியாமல் ஏற்றிவிட்டார். மெஷின் சட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ஒரு மாதிரியாக ஓடியது, பிளேடில் பெரிய பல் விழுந்திருந்தது. அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, சொந்தக் காசு கொடுத்துச் சாணை பிடித்தார். அதற்காகத்தான் மெஷினைச் சாய்த்தார். சாய்த்ததால்தான் புகை.

ஆக, திணறல்தான் முதலில் வந்தது. புகை அதன் மேல் வந்து மூடிக்கொண்டது. மெக்கானிக், பெரியம்மா, நான் என மூவரும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃப்ளைவீலைக் கழற்றியபோது

பிளேடு கட்டையில் மோதி நின்றால் கிராங்க் ஷாஃப்ட்டும் அந்த நொடியே நிற்கும். மேலே கனமான ஃப்ளைவீல் சுற்றிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் முன்னே போகப் பார்க்கும். இரண்டையும் சரியான இடத்தில் பொருத்த நடுவே கீ என்ற சிறிய உலோகத் துண்டு செருகியிருக்கிறது, பல மெஷின்களில் மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். ஃப்ளைவீல் முன்னே நகர்ந்தால் கீ அறுபடும். காந்தமும் முன்னே நகரும், தீப்பொறி முந்திக்கொள்ளும்.

பம்ப்செட்டில் நான் இதைப் பார்த்ததே இல்லை. பம்ப்பின் சுமை எவ்வளவு கூடினாலும், ஓடுகிற வேகத்தில் கல்லில் முட்டி நிற்பதில்லை. என் கை பழகிய பழுதுகளின் பட்டியலில் இது இல்லாததால் என் புத்தியிலும் இல்லாமல் போயிற்று.

நட்டைத் தளர்த்தி, தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கிய புல்லரை வைத்து ஃப்ளைவீலை எடுத்தேன். சுத்தியால் தட்டி எடுப்பவர்கள் உண்டு. காந்தம் உதிரலாம், ஷாஃப்ட் முனை நசுங்கலாம், எனக்கு அதில் உடன்பாடில்லை. கீ முழுதாக அறுபடவில்லை. நடுவே படிக்கட்டு போல ஒடிந்து, மேல்பாதி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நின்றது. முழுதாக அறுந்திருந்தால் இன்ஜின் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது, நாங்களும் முதல் நாளே அந்தப் பக்கம் பார்த்திருப்போம். அரைகுறையாக நின்றதால் ஓடியது, ஓடியதால் ஏமாந்தோம்.

புது கீயும் புது பிளேடும் கோவையிலிருந்து வர நாலு நாள் ஆயிற்று. பழைய ஒடிந்த கீயைத் திருப்பிப் போட்டு ஓட்டலாமா என்று பெரியம்மா கேட்டார். ஆணியை வெட்டிச் செருகலாம் என்று தோட்டக்காரர் சொன்னார். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். அடுத்த மோதலில் அடி வாங்க வேண்டியது அந்தச் சின்னத் துண்டுதான். அதன் இடத்தில் இரும்பு ஆணி இருந்தால் அடி கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் போகும்.

அந்த நாலு நாள் இடைவெளியில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று சோதித்தேன். அது வளைந்திருந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்து, பிளேடை மூடியிருக்கும் டெக்கின் விளிம்பில் ஒரு இடத்தில் சாக்பீஸ் குறி போட்டேன். பிளேடைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு முனையும் அந்தக் குறியைக் கடக்கும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை. ஷாஃப்ட்டின் அடி முனையும் சுற்றும்போது ஆடவில்லை. தப்பித்தோம்.

மாட்டும்போது ஷாஃப்ட்டின் கூம்புப் பகுதியையும் ஃப்ளைவீல் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்தேன். ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்பின் இறுக்கம்தான். கீ சரியான இடத்தைக் காட்டுவதோடு சரி. அங்கே கிரீஸ் தடவினால் அடுத்த முறை கட்டை தேவையில்லை, தானே நழுவும். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்து இறுக்கினேன். புது பிளேடை மாட்டும் முன் நடுத்துளையில் ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கமும் சாயவில்லை. பழைய பிளேடு தேய்த்த பக்கம் மேலே தூக்கி நின்றது. கைப்பிடியில் உணர்ந்த அதிர்வில் ஒரு பங்கு அதுதான். இன்ஜின் திணறல் கோணலாக விட்டு விட்டு வரும், பிளேடு எடை மாறினால் வரும் அதிர்வு ஒரே தாளத்தில் கையை உலுக்கும். இரண்டும் கலந்து வந்ததால் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

விளைவு

இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கயிறு திருப்பி அடிக்கவில்லை. சத்தம் சீராக இருந்தது. அரை மணி நேரம் சரிவு முழுக்க ஓட்டினோம், கிகுயுவுக்குள்ளும் நின்றுவிடவில்லை. ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு ஆயிலை இன்னொரு தடவை மாற்றினேன். செலவு ஃபில்டர், ப்ளக், ஆயில் இரண்டு தடவை, கீ, பிளேடு. அதில் பிளேடுதான் பெரிய தொகை. இத்தனை அலைச்சலுக்கும் காரணமான கீ எல்லாவற்றிலும் மலிவு.

பெரியம்மாவிடம் கட்டை விஷயத்தைச் சொன்னேன், தோட்டக்காரரை வைத்துக்கொண்டே. பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "கட்டையை ஏன் இன்னும் தோண்டாம வச்சிருக்கோம்?" சாணைக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது மாற்றியிருப்பவை

கட்டையைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி மண் மூடியாயிற்று. மெஷினின் ஃபில்டர் பக்கம் ‘இது மேலே’ என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஆயில் பார்ப்பதென்றால் சமதரையில் நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான். மழைக்கு முன் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீரும் வரை ஓட்டி நிறுத்த வேண்டும் என்று தோட்டக்காரரே ஷெட் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். மழைக்குப் பிறகு முதல் வெட்டுக்குப் பிளேடை மேல் உயரத்தில் வைத்து, புல்லின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுப்பது என்றும் முடிவு.

என் பக்கத்தில் மாறியது கேள்விகளின் வரிசை. போனில் நான் கேட்டது "எப்படிச் சாய்ச்சீங்க". அதற்கு முன்னால் "எதுக்காகச் சாய்ச்சீங்க" என்று கேட்டிருந்தால், கழற்றிய பிளேடை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தால், கீயைச் சனிக்கிழமையே கையில் எடுத்துப் போயிருப்பேன். கேட்டிருந்தாலும் போனில், அதுவும் பெரியம்மா பக்கத்தில் நிற்கும்போது, தோட்டக்காரர் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஒன்று மிச்சமிருக்கிறது. குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகை இன்னும் வருகிறது, சில நொடியில் மறைகிறது. வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு லேசாகத் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவை மாதா மாதம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். குறைகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் மழைக்கு முன் சிலிண்டரின் ஹெட்டைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.